வீடும் விமானமும் கவிழ்த்த கவுன்சில்கள்: அட்டில்ஸ்ஃபோர்டின் ஐம்பதாண்டுத் தேர்தல் கதை

2023 மே மாதம் இங்கிலாந்து முழுக்க நடந்த உள்ளாட்சித் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்சிலர் இடங்களை இழந்தது. தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த கிராமப்புற மாவட்டங்கள்கூடக் கைநழுவின. அதே நாளில் எசெக்ஸின் வடமேற்கு மூலையில் இருக்கும் அட்டில்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. அங்கே அந்தக் கட்சி 4 இடத்திலிருந்து 11 இடத்துக்கு ஏறியது. அதற்கு நான்கு வருடம் முன்னால் அதே கட்சியை அதே மக்கள்தான் ஒற்றை இலக்கத்துக்குத் துரத்தியிருந்தார்கள்.

தேசிய அரசியலை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த முடிவு பிடிபடாது. அட்டில்ஸ்ஃபோர்டில் ஒவ்வொரு ஆட்சி மாற்றத்துக்குப் பின்னாலும் ஒரு விமான நிலையமோ ஒரு வீட்டு மனைத் திட்டமோ நிற்கிறது. இரண்டையும் நிறுத்துவோம் என்று சொல்லி வருகிறவர்களை மக்கள் ஜெயிக்க வைக்கிறார்கள், நிறுத்த முடியாதபோது இறக்குகிறார்கள். ஆனால் நிறுத்தும் அதிகாரம் அந்த மாவட்ட மன்றத்திடம் முழுமையாக இருந்ததே இல்லை என்பதுதான் சிக்கலின் வேர், என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கிய விஷயமும் அதுதான்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடுவே, எம்11 நெடுஞ்சாலையை ஒட்டி விரியும் வயல்வெளி. சாஃப்ரன் வால்டன், கிரேட் டன்மோ, தாக்ஸ்டெட், ஸ்டான்ஸ்டெட் மவுண்ட்ஃபிட்செட் என்று நாலு சின்ன ஊர்கள், சுற்றிலும் ஏராளமான கிராமங்கள். 2021 கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை ஏறக்குறைய 91,000. ஒரு காலத்தில் குங்குமப்பூ விளைந்து, அதனாலேயே பெயர் பெற்ற ஊர் சாஃப்ரன் வால்டன். டன்மோவில், ஒரு வருடமும் ஒரு நாளும் கல்யாணம் செய்துகொண்டதற்கு வருந்தாத தம்பதிக்குப் பன்றி இறைச்சித் துண்டம் பரிசளிக்கும் பழைய வழக்கம் இன்றும் நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. காலையில் ரயில் ஏறி லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். அமைதிக்காகவும் பழைய வீதிகளுக்காகவும் வயல் ஓரத்து நடைபாதைக்காகவும் கூடுதல் விலை கொடுத்து வீடு வாங்கியவர்கள் இவர்கள். அதே மண்ணில்தான் லண்டனின் மூன்றாவது பெரிய விமான நிலையமான ஸ்டான்ஸ்டெட்டும் இருக்கிறது.

மாவட்ட மன்றத்துக்கு என்ன வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. இங்கே மூன்று அடுக்கு. அடியில் பாரிஷ் கவுன்சில் (ஊர் அளவிலான மன்றம்), நடுவில் மாவட்ட மன்றம், மேலே எசெக்ஸ் கவுண்டி கவுன்சில். பள்ளிக்கூடம், சாலை, முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டியிடம். குப்பை அள்ளுவது, கவுன்சில் வரி வசூலிப்பது, கட்டட அனுமதி தருவது மாவட்டத்திடம். வரி ரசீது மாவட்டத்தின் பெயரில் வந்தாலும், அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மாவட்டத்திடம் தங்கும். ஆக, ஜனங்களின் வாழ்க்கையை நிஜமாகவே மாற்றக்கூடிய ஒரே அதிகாரம் கட்டட அனுமதிதான். தேர்தல் அதைச் சுற்றியே சுழல்வதில் ஆச்சரியம் இல்லை. (காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், இங்கிலாந்தில் முறையாகத் தங்கியிருந்தால், இந்தத் தேர்தல்களில் ஓட்டுப் போடலாம், போட்டியும் இடலாம். அங்கே குடியேறியிருக்கும் நம் ஊர்க்காரர்களில் பலருக்கு இது தெரிவதில்லை, அதனால் சொல்கிறேன்.)

1972ஆம் வருடச் சட்டத்தின்படி 1974 ஏப்ரலில் இங்கிலாந்தில், பெருநகரப் பகுதிகளுக்கு வெளியே, 296 மாவட்ட மன்றங்கள் பிறந்தன. அதில் ஒன்று அட்டில்ஸ்ஃபோர்ட். சாஃப்ரன் வால்டன் பரோ, சாஃப்ரன் வால்டன் கிராமப்புற மாவட்டம், டன்மோ கிராமப்புற மாவட்டம் என்ற மூன்று பழைய அமைப்புகளை ஒன்றாக்கினார்கள். அதற்கு முந்தைய காலத்துக் கிராமப்புற மன்றங்களில் கட்சிக்கொடி அபூர்வம். விவசாயி, டாக்டர், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி என்று ஊரில் முகம் தெரிந்த ஒருவர் சுயேச்சையாக நிற்பார், பல இடங்களில் எதிர்த்து நிற்கவே ஆள் இருக்காது. மன்றங்கள் பெரிதானதும் கட்சிகள் உள்ளே வந்தன, சுயேச்சைகள் மெல்லக் குறைந்தார்கள். நாடு முழுக்க நடந்த மாற்றம் இது.

ஆனால் மன்றம் பிறக்கும் முன்பே சண்டை பிறந்துவிட்டது. 1960களில் லண்டனுக்கு மூன்றாவது விமான நிலையம் வேண்டும் என்று அரசு ஸ்டான்ஸ்டெட்டைக் கை காட்டியது. 1965-66இல் செம்ஸ்ஃபோர்டில் விசாரணை நடந்தது, விசாரித்த அதிகாரி இந்த இடம் வேண்டாம் என்றே எழுதினார். அதையும் மீறி 1967இல் அரசு ஸ்டான்ஸ்டெட்தான் என்று அறிவித்தது. எழுந்த எதிர்ப்பில் அரசு பின்வாங்கி, எந்த இடம் என்று ஆராய 1968இல் ரோஸ்கில் ஆணையத்தை அமைத்தது. கடைசியில் கடலோரத்தில் மாப்ளின் என்ற இடம் முடிவாகி, 1974இல் அதுவும் கைவிடப்பட்டது. சுற்றிச் சுற்றி மறுபடி ஸ்டான்ஸ்டெட்டுக்கே வந்தார்கள். 1981இல் தொடங்கி 1983 வரை நீண்ட இன்னொரு விசாரணை, 1985இல் வருடத்துக்கு ஒன்றரைக் கோடிப் பயணிகளுக்கு அனுமதி, 1991இல் நார்மன் ஃபாஸ்டரின் வடிவமைப்பில் புது முனையம் திறப்பு. உள்ளூர்க்காரர்களுக்கு இதிலிருந்து இரண்டு பாடம் கிடைத்தது: போராடினால் அரசைப் பின்வாங்க வைக்கலாம், அப்படிப் பின்வாங்கிய அரசு திரும்பியும் வரும். பின்னால் வந்த தேர்தல்களில் இந்த இரண்டு உணர்வும் சேர்ந்தே வேலை செய்தன.

நாடாளுமன்றத் தொகுதி என்னவோ அசையவே இல்லை. சாஃப்ரன் வால்டன் தொகுதி (2024 முதல் நார்த் வெஸ்ட் எசெக்ஸ்) 1922க்குப் பிறகு கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு விலகியதே கிடையாது. ராப் பட்லர் 1929 முதல் 1965 வரை, ஆலன் ஹேசல்ஹர்ஸ்ட் 1977 முதல் 2017 வரை, அப்புறம் கெமி பேடனாக். லேபர் கட்சிக்கு இங்கே எப்போதுமே வேர் பிடிக்கவில்லை. அதனால் மாவட்ட அளவில் எதிர்ப்பு ஓட்டு போய்ச் சேர்ந்த இடம் லிபரல் டெமாக்ரட் கட்சி. வீடு வீடாகப் போவது, தெருக்குழி முதல் பேருந்து நிறுத்தம் வரை துண்டறிக்கை போடுவது என்ற அவர்களுடைய பாணி 1990களில் இங்கே நன்றாக எடுபட்டது. 2003இல் பெரும்பான்மையும் கிடைத்தது.

அவர்கள் வந்த அதே வருட டிசம்பரில் மத்திய அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, ஸ்டான்ஸ்டெட்டுக்கு இரண்டாவது ரன்வே என்றது. மாவட்டமே கொதித்தது. 2006இல் விமான நிலையம், ரன்வேயைத் தொடாமல், பயணிகள் வரம்பை வருடத்துக்கு 2.5 கோடியிலிருந்து 3.5 கோடியாக உயர்த்தக் கேட்டபோது மன்றம் மறுத்தது. மக்கள் விரும்பியதைத்தான் செய்தார்கள். ஆனாலும் 2007 தேர்தலில் லிபரல் டெமாக்ரட்டுகள் ஆட்சியை இழந்தார்கள், கன்சர்வேட்டிவ் திரும்பியது. மறுத்த அனுமதியை 2008 அக்டோபரில் மத்திய அரசு மேல்முறையீட்டில் கொடுத்துவிட்டது. இரண்டாவது ரன்வே மட்டும் 2010இல் கூட்டணி அரசு வந்த பிறகு கைவிடப்பட்டது. கவனியுங்கள், மன்றம் 'கூடாது' என்று சொன்ன விஷயம் நடந்தது, நடக்காமல் போன விஷயத்தை முடிவு செய்தது வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது மத்திய அரசு.

விமானம் ஓய்ந்த நேரத்தில் வீடு வந்தது. மாவட்டம் ஒவ்வொன்றும் எங்கே, எத்தனை வீடு கட்டலாம் என்று ஒரு உள்ளூர் திட்டம் வகுத்து வைத்திருக்க வேண்டும். அட்டில்ஸ்ஃபோர்டின் திட்டம் 2005 ஜனவரியில் ஏற்கப்பட்டது, அதற்குப் பதிலாக அடுத்த திட்டம் கொண்டுவர முயன்றபோதெல்லாம் தோல்விதான். 2012இல் அரசு புதிய தேசியத் திட்டமிடல் கொள்கையைக் கொண்டுவந்தது. காலாவதியாகாத திட்டமும், அடுத்த ஐந்து வருடத்துக்கு வீடு கட்டப் போதிய நிலமும் ஒரு மாவட்டம் காட்ட முடியாவிட்டால், கட்டுமான நிறுவனத்தின் பக்கம் தராசு சாய்ந்துவிடும். மன்றம் மறுத்தாலும் நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போய் மத்திய ஆய்வாளரிடம் அனுமதி வாங்கிவிடும். திட்டம் இல்லாத மாவட்டம் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலில் நின்று கத்துகிற மாதிரிதான்.

எல்சன்ஹாம் என்ற கிராமத்தின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். ரயில் நிலையம் ஒன்று, லெவல் கிராசிங் ஒன்று, சுற்றிலும் குறுகலான கிராமச் சாலைகள். 2008இல் கோர்டன் பிரவுன் அரசின் 'சூழல் நகரம்' பட்டியலில் இந்த ஊர் பெயர் வந்தது, பிறகு கழன்று போனது. சில வருடம் கழித்து, கன்சர்வேட்டிவ் மன்றமே தன் புதிய திட்டத்தில் இதே ஊருக்கு 2,100 வீடுகளை ஒதுக்கியது. கிராமத்திலிருந்து எம்11 பக்கம் போக வேண்டுமானால் ஸ்டான்ஸ்டெட் மவுண்ட்ஃபிட்செட்டின் குரோவ் ஹில் ஏற்றத்தைத் தாண்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிதான் போக முடியும், சிக்னல் போட்டு மாற்றி மாற்றி விடுகிறார்கள். இதை அங்கே வசிக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், பல வருடமாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். 2014 டிசம்பரில் திட்டத்தை ஆய்வு செய்த அதிகாரியும் அதையேதான் சொன்னார்: இந்தச் சாலைகளை வைத்துக்கொண்டு இத்தனை வீடு பொருந்தாது. கூடவே, மாவட்டத்தின் மொத்த வீட்டு எண்ணிக்கையும் போதாது, உயர்த்துங்கள் என்றார். அதாவது இடம் தப்பு, எண்ணிக்கையும் குறைவு. திட்டம் குப்பைக்குப் போனது.

அந்தக் கோபத்திலிருந்து எழுந்ததுதான் ரெசிடென்ட்ஸ் ஃபார் அட்டில்ஸ்ஃபோர்ட். எந்தத் தேசியக் கட்சியோடும் ஒட்டாத, உள்ளூர்க் குடியிருப்போர் சேர்ந்து பதிவு செய்த கட்சி. 2015 தேர்தலில் முதல் தடவை களம் இறங்கியபோதே ஏறக்குறைய கால்வாசி இடம் பிடித்தார்கள். அதே தேர்தலில் மன்றத்தின் அளவும் 44 இடத்திலிருந்து 39ஆகக் குறைந்தது. பொதுத்தேர்தலும் அன்றே நடந்ததால் கன்சர்வேட்டிவ் பெரும்பான்மையோடு தப்பித்தது. ஆனால் காற்று திரும்பத் தொடங்கியது தெரிந்தது.

அடுத்த நாலு வருடத்தில் அந்த மன்றம் இரண்டு காரியம் செய்தது. மூன்று புதிய நகர்களை, ஈஸ்டன் பார்க், நார்த் அட்டில்ஸ்ஃபோர்ட், வெஸ்ட் ஆஃப் பிரெயின்ட்ரீ என்ற பெயரில், புதிய திட்டத்தில் வைத்தது. ஈஸ்டன் பார்க் மட்டுமே பத்தாயிரம் வீடு. இரண்டாவது, 2018 நவம்பரில் ஸ்டான்ஸ்டெட்டின் பயணிகள் வரம்பை 4.3 கோடியாக உயர்த்தும் மனு திட்டக் குழு முன் வந்தது. ஓட்டு ஐந்துக்கு ஐந்து என்று சமமாக நின்றது, குழுத் தலைவரின் தீர்மான ஓட்டில் அனுமதி நிறைவேறியது. ஐம்பது வருடச் சண்டையின் அடுத்த கட்டம் ஒரே ஒருவரின் இரண்டாவது ஓட்டில் முடிந்தால் ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும்? ஆறு மாதத்தில் தேர்தல்.

2019 மே 2. குடியிருப்போர் கட்சிக்கு 39இல் 26 இடம், லிபரல் டெமாக்ரட்டுக்கு 7, கன்சர்வேட்டிவ்வுக்கு 4. அன்றைக்கு பிரெக்சிட் குழப்பத்தால் நாடு முழுக்கவே அந்தக் கட்சி 1,300க்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது உண்மை, அதுவும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் அது மட்டும் காரணம் என்றால் டிசம்பரில் நடந்ததை எப்படி விளக்குவது? அதே வருட டிசம்பர் பொதுத்தேர்தலில், ஏறக்குறைய அதே மக்கள், கெமி பேடனாக்குக்கு 63 சதவீத ஓட்டும் 27,000க்கு மேல் முன்னிலையும் கொடுத்தார்கள். நாட்டுக்கு யார், ஊருக்கு யார் என்பதை இவர்கள் தெளிவாகப் பிரித்தே ஓட்டுப் போடுகிறார்கள். கிராமத்துக்காரர்கள் பழக்க தோஷத்தில் ஒரே சின்னத்துக்குக் குத்துவார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதிக ஓட்டு வாங்கியவருக்கே இடம் என்ற முறையில், ஒன்று முதல் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும் சின்னச் சின்ன வார்டுகளில், ஓட்டில் ஏற்படும் அலை இடங்களில் பேரலையாகத் தெரியும். ஒரு கிராமத்தில் சில நூறு பேர் மனம் மாறினால் போதும். மன்றம் முழுவதற்கும் நாலு வருடத்துக்கு ஒருமுறை ஒரே நாளில் தேர்தல் என்பதால், கோபமும் ஒரே நாளில் கொட்டுகிறது. இவ்வளவு பெரிய தாவல்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, வந்தவர்கள் என்ன செய்தார்கள்? 2020 ஜனவரி இவர்களுக்கு மறக்க முடியாத மாதம். மூன்று புதிய நகர்த் திட்டத்தை ஆய்வு செய்த அதிகாரிகள் அதில் பெரிய ஓட்டைகள் இருப்பதாக எழுதினார்கள், ஏப்ரலில் புதிய மன்றம் அதைத் திரும்பப் பெற்றது. எதிர்க்கட்சியாக இருந்து எதிர்த்ததை ஆளும்போது கைவிட்டார்கள், அது நேர்மையான காரியம். ஆனால் விளைவு? 2005இன் திட்டமே தொடர்ந்தது, ஐந்து வருட நிலக் கணக்கு தேறவில்லை, நிறுவனங்களுக்கு வழி அகலமானது. அதே ஜனவரியில், 2018இல் பழைய மன்றம் நிறைவேற்றிய விமான நிலைய மனுவை மறுபடி பரிசீலனைக்கு எடுத்து, அதிகாரிகளின் பரிந்துரையை மீறி, மறுத்தார்கள். நிலையம் மேல்முறையீடு செய்தது. 2021 மே மாதம் ஆய்வாளர்கள் அனுமதி கொடுத்ததோடு நிற்கவில்லை. மன்றம் நியாயமில்லாமல் நடந்துகொண்டது என்று சொல்லி நிலையத்தின் செலவு முழுவதையும் மன்றமே கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் என்னை ரொம்பவே உறுத்துகிறது. ஸ்டான்ஸ்டெட்டை 2013இல் வாங்கிய மான்செஸ்டர் விமான நிலையக் குழுமத்தில் பெரும்பங்கு, 64.5 சதவீதம், மான்செஸ்டர் பகுதியின் பத்து உள்ளாட்சி மன்றங்களுக்குச் சொந்தம். ஒரு ஊர் மன்றத்துக்கு வருமானம் தரும் விரிவாக்கத்தை இன்னொரு ஊர் மன்றம் எதிர்த்தது, எதிர்த்ததற்காக எசெக்ஸ் கிராமத்து வரிப்பணம் அபராதம் மாதிரி அந்தக் குழுமத்துக்குப் போனது. யாரும் சட்டத்தை மீறவில்லை. ஆனாலும் இப்படி ஒரு அமைப்பில் உள்ளாட்சி என்று எதைச் சொல்வது என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

அடி இன்னும் பாக்கி இருந்தது. பெரிய திட்டங்கள் பற்றி இரண்டு வருடக் கணக்கில் ஒரு மன்றம் எடுத்த மொத்த முடிவுகளில் பத்து சதவீதத்துக்கு மேல் மேல்முறையீட்டில் கவிழ்ந்தால், அரசு அந்த மன்றத்தை 'தரம் போதாதது' என்று அறிவிக்கலாம். 2022 பிப்ரவரியில் அட்டில்ஸ்ஃபோர்டுக்கு அந்த முத்திரை விழுந்தது. அதன் பிறகு பெரிய திட்டம் வைத்திருந்த நிறுவனங்கள், மன்றத்தைத் தாண்டி, நேராக மத்தியத் திட்டமிடல் ஆய்வகத்திடமே மனு போட முடிந்தது. கட்டணமும் அங்கேதான் போனது. வீடு கட்டுவதைக் கட்டுப்படுத்துவோம் என்று ஜெயித்த கட்சியின் ஆட்சியில், கட்டுப்படுத்தும் கையிலிருந்த அதிகாரமே நழுவியது.

இந்தப் பின்னணியோடு 2023ஐத் திரும்பப் பாருங்கள். குடியிருப்போர் கட்சி 26இலிருந்து 22க்கு இறங்கியது, பெரும்பான்மை தங்கியது. கன்சர்வேட்டிவ் 11. நாட்டில் ரிஷி சுனக் அரசின் மேல் இருந்த கோபம் இங்கே செல்லுபடியாகவில்லை, ஏனென்றால் இங்கே ஆளும் கட்சி வேறு, அதன்மேல் இருந்த குறையும் வேறு. வயலில் புதுக் கூரைகள் முளைத்த கிராமங்களில் ஜனங்கள் பார்த்தது தங்கள் மன்றத்தைத்தான். அதே சமயம் பெரும்பான்மையைப் பறிக்கவும் இல்லை. பழைய கட்சிகள் திட்டத்தை எத்தனை முறை கோட்டை விட்டன என்ற ஞாபகம் இன்னும் அழியவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

என் கருத்தைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். குடியிருப்போர் கட்சி செய்த பெரிய தவறு விமான நிலைய மறுப்பு. மனசுக்கு நிறைவான ஓட்டு அது, ஆனால் வழக்கில் நிற்காது என்று அவர்களுடைய அதிகாரிகளே எச்சரித்த ஓட்டு. ஆனால் அவர்கள் மேல் மட்டும் பழி போடுவது அநியாயம். 2005க்குப் பிறகு உருப்படியான ஒரு திட்டத்தை நிறைவேற்றாமல் விட்ட எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு. எங்கே வேண்டாம் என்று சொல்லி ஜெயிப்பது சுலபம், எங்கே கட்டலாம் என்று சொல்லி ஜெயிப்பது கஷ்டம். நிலத்தின் பெயரைச் சொன்ன அடுத்த நிமிடம் அந்தக் கிராமம் முழுக்க எதிரியாகிவிடும், தேர்தல் நாலு வருடத்துக்குள் வந்துவிடும், திட்டம் முடிய அதைவிட அதிக காலம் ஆகும். இந்த இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகாத வரை எந்தக் கட்சி வந்தாலும் இதே இடத்தில்தான் முட்டும்.

2024 டிசம்பரில் மன்றம் புதிய திட்டத்தை ஒருவழியாக ஆய்வுக்கு அனுப்பியது. அதே மாதம் 16ஆம் தேதி லேபர் அரசு இன்னொரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது: கவுண்டி, மாவட்டம் என்ற இரண்டு அடுக்கையும் எடுத்துவிட்டு ஒரே அடுக்குப் பெரிய மன்றங்கள். எசெக்ஸ் முதல் வரிசையிலேயே சேர்க்கப்பட்டது, 2025 மே மாதம் நடக்க வேண்டியிருந்த கவுண்டித் தேர்தலும் தள்ளிப் போனது. அரசு வகுத்திருக்கும் கணக்குப்படி 2028இல் புதிய மன்றங்கள் பொறுப்பேற்க வேண்டும், அன்றோடு அட்டில்ஸ்ஃபோர்ட் மாவட்ட மன்றம் இருக்காது. அப்புறம் எல்சன்ஹாமில் வீடு கட்டலாமா என்பதை, அந்த ஊரைவிடப் பல மடங்கு பெரிய நகரங்களின் கவுன்சிலர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வார்கள். 26 இடம் பிடித்து மன்றத்தையே கைப்பற்றிய ஒரு குடியிருப்போர் கட்சி அங்கே சில இடங்களோடு எதிர் வரிசையில்தான் உட்கார முடியும். எண்ணிக்கை அப்படி.